பெர்மனென்ட் என்கிற பட்டன்

எங்கள் வீடு மன்னவனூர் போகிற ரோட்டில் ஒரு வளைவில் இருக்கிறது. வண்டியில் இருந்து இறங்கினால் வாசல். வீடு என் மனைவிக்கு அவள் அப்பா விட்டுப் போனது. பின்னால் இரண்டு ரூம் சேர்த்துக் கட்டினோம். கொடைக்கானல் பார்க்க வருகிறவர்கள் தங்குவார்கள். சமையல் அவள். மற்றது நான்.

அதற்கு முன்னால் பத்தொன்பது வருஷம் டவுனில் ஒரு கம்பெனி கெஸ்ட் ஹவுஸில் வாட்ச்மேனாக இருந்தேன். படிப்பு அஞ்சாங்கிளாஸ். கேட்டில் வந்து போகிற வண்டி நம்பரை நோட்டில் எழுதி எழுதி இங்கிலீஷ் எழுத்து பழகியது. எழுத்துக் கூட்டிப் படிப்பேன். அர்த்தம் எல்லாம் தெரியாது. இரண்டு வார்த்தை மட்டும் நன்றாகத் தெரியும். டெம்பரவரி, பெர்மனென்ட். ஆள் வந்த கணக்கு நோட்டில் என் பேருக்கு நேரே டெம்பரவரி என்று இருக்கும். சமையல்காரர் பேருக்கு நேரே பெர்மனென்ட். அவருக்கு ஸ்வெட்டர் உண்டு, லீவு உண்டு. எனக்கு நாளைக்கு வராதே என்றால் வரக்கூடாது. வருஷா வருஷம் கேட்டேன். பார்க்கலாம் என்றார்கள். ஒரு நாள் வராதே என்றார்கள். வந்துவிட்டேன்.

ரூம் ஆரம்பித்த முதல் வருஷம் ஆள் இல்லை. போர்டு வைத்தோம். ரோட்டில் போகிற வண்டி போர்டைப் பார்த்து நிற்காது. எல்லாரும் முன்னமே போனில் பார்த்து வைத்த இடத்துக்குப் போகிறவர்கள். மழைக்கு ஒதுங்கி ஒரு நாள் தங்கிய ஒருவர்தான் விஷயம் சொன்னார்.

"மேப்ல இல்லாட்டி நீங்க ஊர்லயே இல்லாத மாதிரிதான் சார்."

அவரே என் போனை வாங்கி வீட்டை மேப்பில் ஏற்றிக் கொடுத்தார். நாலு போட்டோ எடுத்துப் போட்டார். அதில் ஒன்றில் அவள் அடுப்படியில் இருந்து எட்டிப் பார்க்கிறாள். அந்த வாரமே போன் வந்தது. அதற்குப் பிறகு மாசத்தில் பாதி நாள் ரூமில் ஆள் இருந்தது. வந்தவர்கள் நட்சத்திரம் போட்டு நாலு வரி எழுதிவிட்டுப் போவார்கள். தமிழில் இருந்தால் அவளுக்கு வாசித்துக் காட்டுவேன். ரசத்தைப் பற்றி எழுதியிருந்தால் இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லுவாள்.

போன கார்த்திகையில் அவளுக்குக் கர்ப்பப்பையை எடுக்கவேண்டி வந்தது. மதுரையில் ஆஸ்பத்திரியில் நாள் கொடுத்தார்கள்.

கிளம்புகிற அன்று வெள்ளனே பையைக் கட்டிவிட்டு வாசலில் வந்து நின்றாள்.

"ஏங்க, நாம இல்லாதப்ப யாராச்சும் வந்துட்டா?"

"பூட்டிருக்கறதப் பாத்துட்டுப் போவாங்க."

"பிள்ளகுட்டியோட இம்புட்டுத் தூரம் வந்து பூட்டப் பாத்துட்டுப் போறதா? போன்ல ஏதாச்சும் போட்டு விடுங்க."

பஸ் வர நேரம் இருந்தது. போனைத் திறந்து தேடினேன். ஒரு இடத்தில் மூன்று வரி வந்தது. எழுத்துக் கூட்டினேன். முதல் வரி ஓப்பன். இரண்டாவது டெம்பரவரி, பக்கத்தில் குளோஸ்டு. மூன்றாவது பெர்மனென்ட், பக்கத்தில் குளோஸ்டு. குளோஸ்டு தெரியும். கடை வாசலில் தொங்குகிற அட்டையில் இருக்கும்.

டெம்பரவரியைப் பார்த்தேன். அதை வீட்டின் பேருக்கு நேரே போட மனசு வரவில்லை. அந்த வார்த்தை இருந்தால் என்றைக்கு வேண்டுமானாலும் போகச் சொல்லிவிடுவார்கள். இது நம் வீடு. வீடு பெர்மனென்ட், இப்போதைக்கு குளோஸ். நான் அப்படித்தான் புரிந்துகொண்டேன். மூன்றாவது வரியை அமுக்கினேன். நிஜமாகவா என்று கேட்கிற மாதிரி ஒன்று வந்தது. அதையும் அமுக்கினேன்.

"போட்டாச்சா?"

"போட்டாச்சு."

எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பெண்கள் வார்டுக்குள் ஆண்களை விடமாட்டார்கள். ஜன்னல் பக்கம் போய் நிற்பேன். அவள் கையைத் தூக்கிக் காட்டுவாள். அதைப் பார்த்துவிட்டு வந்துவிடுவேன்.

பிறகு ஒரு மாசத்துக்கு மேல் ஒட்டன்சத்திரத்தில் மகள் வீட்டில் இருந்தோம். மருமகனுக்குக் காய்கறி மார்க்கெட்டில் வேலை. மகள் நன்றாகப் பார்த்துக்கொண்டாள். ஆனால் என் மனைவிக்கு அங்கே தூக்கம் இல்லை. ஃபேனைப் போட்டால் சத்தம், நிறுத்தினால் புழுக்கம். சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது என்ன, செவுரு கூட காய்ச்ச கண்டாப்ல கெடக்கு" என்பாள்.

தை பிறந்து பத்து நாள் கழித்து மலைக்குத் திரும்பினோம். வந்த அன்றே போனைத் திறந்து, மூடினதை எடுக்கலாம் என்று அந்த மூன்று வரியைத் தேடினேன். காணவில்லை. வேறு என்னென்னவோ வந்தது. லீவு லெட்டர் கொடுத்தால் நாள் முடிந்ததும் லீவு முடிந்துவிடும் இல்லையா, அதுபோல இதுவும் தானாக எடுத்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டேன்.

ரூமைக் கழுவினேன். கம்பளிகளை வெயிலில் போட்டேன். ஆள் வரவில்லை. தை போனது. மாசி வந்தது. ஒரு போன் கூட இல்லை. பனிக்காலம் என்று சொல்லிக்கொண்டேன். மலைக்கு வர வண்டிக்கெல்லாம் பாஸ் எடுக்கச் சொல்கிறார்கள், அதனால் இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். ஆனால் சனி ஞாயிறு வண்டிகள் எங்கள் வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டுதான் இருந்தன. கீழ் வளைவில் இருக்கிற அக்காவும் எங்களைப்போல் இரண்டு ரூம் வைத்திருக்கிறார். அங்கே வண்டி நின்றது.

அவள் ஜன்னல் ஓரத்துக் கட்டிலில் படுத்தபடி ரோட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். டாக்டர் மூன்று மாசம் எதையும் தூக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார். தூக்குவதற்கும் ஒன்றும் இல்லை. இரண்டு பேருக்கு என்ன பெரிய பாத்திரம்.

ஒரு நாள் சொன்னாள். "நான் போட்டோல இருக்கனே, அதப் பாத்துட்டு சீக்காளி பொம்பளன்னு வராம இருக்காங்களோ?"

"அது பழைய போட்டோ."

"அப்ப சாப்பாடு ருசி போயிருச்சுன்னு யாராச்சும் எழுதிட்டாங்களா?"

"யாரும் எழுதல."

"உண்மையச் சொல்லுங்க."

"எழுதல."

மகள் போன் செய்தாள். இரண்டு பேரும் கீழே வந்துவிடுங்கள், பின்னால் ஒரு ரூம் இருக்கிறது என்றாள். அப்பாவுக்கு மார்க்கெட்டில் ஒரு கேட்டில் உட்கார்கிற வேலை பார்த்துத் தருவதாக மருமகன் சொன்னாராம். திண்டுக்கல்காரர் ஒருவர் எங்கள் வீட்டை மொத்தமாக விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் அடுப்படியை இடித்துவிட்டு அங்கே கண்ணாடி ரூம் போடுவாராம். பங்குனி கடைசி வரை பார்ப்போம், ஆள் வராவிட்டால் கொடுத்துவிடலாம் என்று பேசி வைத்தோம். பேசினது நான். அவள் சரி என்று மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டு எழுந்து போய் அடுப்படியில் சும்மா கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தாள்.

அந்த நாட்களில்தான் ஒரு பெண் போன் செய்ய ஆரம்பித்தார். தினமும் பதினொரு மணி வாக்கில் வரும். விருந்தாளி என்று ஓடிப்போய் எடுப்பேன்.

"வணக்கம் சார், உங்க பிசினஸ நெட்ல ஃபர்ஸ்ட் பேஜ்ல கொண்டு வர்றதுக்கு எங்ககிட்ட ஒரு பாக்கேஜ் இருக்கு சார்."

"வேணாங்க" என்று வைத்துவிடுவேன். மறுநாளும் வரும்.

ஒரு நாள் நான் தண்ணீர்க் குழாயைச் சரிசெய்யப் போயிருந்தேன். அவள் எடுத்திருக்கிறாள். நான் வரும்போது ஸ்பீக்கரில் போட்டுப் பேசிக்கொண்டிருந்தாள்.

"மொத பக்கத்துல போடுற அளவுக்கு நாங்க என்னம்மா செஞ்சோம்? கொலையா, கொள்ளையா?"

அந்தப் பக்கம் சிரிக்கிற சத்தம். "பேப்பர்ல இல்லக்கா. போன்ல தேடுனா மொதல்ல உங்க பேரு வர்ற மாதிரி."

"தேடுனா வரட்டும். தேடத்தான் ஆளில்லையே."

"ஏன்க்கா கொரல் ஒரு மாதிரி இருக்கு? ஒடம்பு சரியில்லையா?"

இவள் ஆபரேஷனைச் சொன்னாள். அந்தப் பெண்ணின் அம்மாவுக்கும் அதே ஆபரேஷனாம், போன மாசம். பாக்கேஜை விட்டுவிட்டு இரண்டு பேரும் அதைப் பேசினார்கள். இருமும்போது வயிற்றில் தலையணையை அணைத்துக்கொள்ளச் சொல்லு என்று இவள் சொல்லிக்கொடுத்தாள். பின்னால் ஒரு பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. வீட்டில் இருந்தே பேசுகிற வேலை போல.

மறுநாள் பதினொரு மணிக்கு இவள் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். நான் கவனிக்காத மாதிரி இருந்தேன். அப்படி மூன்று நாள் போனது. நாலாவது நாள் அந்தப் பெண் கேட்டார்.

"அக்கா, நீங்க எப்ப மூடுனீங்க?"

"எதம்மா?"

"உங்க ரூமத்தான். லிஸ்ட்ல பேர் இருக்கேன்னு இன்னைக்கு மேப்ல தேடிப் பாத்தேன். தேடுனா வரவே மாட்டேங்குது. முழுப் பேரும் அடிச்சாத்தான் வருது. அதுலயும் செவப்புல பெர்மனென்ட்லி குளோஸ்டுன்னு போட்டிருக்கு."

"அப்பிடின்னா?"

"இனிமே தெறக்கவே மாட்டாங்க, ஒரேயடியா மூடியாச்சுன்னு அர்த்தம்க்கா."

நான் கையில் ஒரு வாளியோடு நின்றேன். அதைக் கீழே வைத்தேன்.

"யாரும்மா போட்டா?" என்றாள் இவள்.

"தெரியலக்கா. சில எடத்துல பக்கத்துக் கடைக்காரங்களே போட்டு விட்டுருவாங்க. இல்லாட்டி நீங்களா தெரியாம அமுக்கிருக்கணும்."

இரண்டாவது சொன்னது இவள் காதில் விழவில்லை. பக்கத்துக் கடைக்காரர் என்பது மட்டும்தான் விழுந்தது. போனை வைத்துவிட்டு ஜன்னல் வழியாகக் கீழ் வளைவைப் பார்த்தாள். நான் சொல்லியிருக்கவேண்டும். வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

கீழ் வளைவு அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். நாங்கள் மதுரையில் இருந்து வந்த நாளில் இருந்து தினமும் காலையில் ஒரு சின்னத் தூக்குவாளியில் பால் கொண்டுவந்து கொடுப்பார். மலைப்பூண்டைத் தட்டிப் போட்டுக் காய்ச்சிய பால். வயிற்றுப் புண் ஆறும் என்று. மேடு ஏறி வருவார். அவருக்கும் முழங்கால் வலி.

மறுநாள் காலையில் அவர் வந்தபோது இவள் வாசலிலேயே நின்றாள்.

"இனி வேணாம்க்கா."

"ஏன்த்தா? பூண்டு ஒத்துக்கலயா?"

"ஒத்துக்கல."

அந்த அக்கா இவள் முகத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் விறகைப் பார்த்தேன். தூக்குவாளியோடு இறங்கிப் போனார். மூடி இடிக்கிற சத்தம் வளைவு வரைக்கும் கேட்டது.

அன்றைக்கு மத்தியானம் இவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"இந்தா, அது அந்த அக்கா போடல."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"நான்தான் அமுக்கினேன்."

மூன்று வரியையும் சொன்னேன். டெம்பரவரியை ஏன் போடவில்லை என்று சொன்னேன். வீடு பெர்மனென்ட் என்று நினைத்ததைச் சொன்னேன். சொல்லி முடிக்கிற வரைக்கும் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சத்தம் கேட்டு நிமிர்ந்தேன். தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். அழுகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"பத்தொம்பது வருசம் கேட்டீங்க, அவங்க குடுக்கல. கடைசில நீங்களே போட்டுக்கிட்டீங்களாக்கும்."

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"அதுவும் குளோஸ்டுக்கு." மறுபடியும் குலுங்கினாள். "ஐயோ, வகுத்துக்குள்ள இழுக்குதுங்க. எந்திரிச்சுப் போங்க அங்கிட்டு. உங்க மூஞ்சியப் பாத்தா சிரிப்பு நிக்க மாட்டேங்குது."

நான் எழுந்து போகவில்லை. கார்த்திகைக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்க்கவில்லை.

சிரிப்பு நின்றதும் அவள் முகம் மாறியது. "அந்த அக்காவ மேடேற விட்டு அனுப்பிட்டனே" என்றாள்.

மறுநாள் அந்த அக்கா வரவில்லை. இவள் சால்வையைப் போர்த்திக்கொண்டு நடக்கலாம் என்றாள். ஆபரேஷனுக்குப் பிறகு வாசலைத் தாண்டி அன்றைக்குத்தான் நடந்தாள். மெதுவாக இறங்கினோம். அந்த அக்கா கேரட் கழுவிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

"அக்கா, பூண்டு ஒத்துக்கிருச்சு" என்றாள் இவள்.

"ஒரே நாள்லயா?"

"ஆமாக்கா."

அந்த அக்கா கேரட்டையே கழுவினார். பிறகு சொன்னார். "உன் வீடு மூடியாச்சுன்னு போன்ல போட்டிருக்கறத என் ரூம்ல தங்க வந்தவங்கதான் காட்டுனாங்க. திண்டுக்கல்காரருக்குக் குடுக்கப் போறீங்கன்னும் கேள்விப்பட்டேன். நான் வாயத் தெறக்கல. கேட்டு நீங்களும் ஆமான்னுட்டா அப்புறம் நெசமாயிருமே. அதான் பாலக் கொண்டுக்கிட்டு வந்தேன்."

இவள் அங்கே இருந்த கல்லில் உட்கார்ந்து கேரட்டை எடுத்துக் கழுவ ஆரம்பித்தாள். குனியக்கூடாது என்றேன். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றேன்.

பதினொரு மணிக்குப் போன் வந்தது. இந்தத் தடவை நான் பேசினேன்.

"ஏங்க, நான்தான் அமுக்கிட்டேன். இத மாத்த உங்க பாக்கேஜ்ல எடம் இருக்கா?"

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தார். குரலை இறக்கிக்கொண்டார். "சார், இதுக்குக் காசெல்லாம் குடுக்காதீங்க. நீங்களே செய்யலாம். நான் சொன்னேன்னு மட்டும் வெளிய சொல்லிராதீங்க."

எதை அமுக்கி எங்கே போவது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் எழுத்தை ஒவ்வொன்றாக வாசிக்க, அவர் காத்திருந்தார். திறந்திருக்கிறது என்று போட்டால் மேப் அதை நம்பாதாம். வீடியோ கேட்குமாம். ரோட்டில் இருந்து ஆரம்பித்து, போர்டைக் காட்டி, பூட்டைச் சாவி போட்டுத் திறந்து, ரூமைக் காட்டி, அடுப்படியில் வேலை நடக்கிறதைக் காட்டி முடிக்கவேண்டும். நடுவில் நிறுத்தக்கூடாது. நிறுத்தி ஒட்டினால் செல்லாது.

முதல் தடவை எடுத்தபோது பனி வந்து போர்டை மூடிவிட்டது. இரண்டாவது தடவை மன்னவனூர் பஸ் வந்து போர்டுக்கு முன்னால் நின்றது. டிரைவர் இறங்கி என்ன எடுக்கிறாய் என்று கேட்டார். வீடு திறந்திருக்கிறது என்று காட்ட என்றேன். திறந்துதானே இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஏறிப் போனார்.

மூன்றாவது தடவை காலை வெயில் வந்ததும் ஆரம்பித்தேன். மூஞ்சியைக் காட்டவேண்டாம், கையை மட்டும் காட்டுங்கள் என்று இவள் சொல்லியிருந்தாள். சேலை மாற்றித் தலை வாரித்தான் இருந்தாள். ரோடு, வளைவு, போர்டு. பூட்டைத் திறந்தேன். ரூம். கம்பளி. பிறகு அடுப்படி. அவள் கை விறகைத் தள்ளியது. அடுப்பு பிடித்தது. பாத்திரத்தை ஏற்றினாள். நான் நிறுத்தப்போகிற நேரத்தில் போனுக்குள் குனிந்து பார்த்தாள். மூஞ்சி முழுக்க விழுந்தது.

"சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.

வீட்டுக்குள் வருகிற யாரிடமும் அவள் கேட்பது அதுதான். அதை வெட்ட முடியாது. வெட்டினால் செல்லாது. வெட்டவேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

வீட்டில் சிக்னல் பேசுகிற அளவுக்குத்தான் வரும். நெட் வந்து வந்து போகும், வீடியோ போகாது. இரண்டு வளைவு மேலே ஒரு பாலம் இருக்கிறது. அங்கே போய்க் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தேன். ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மாடு மேய்க்கிறவர் வந்து ஒரு பீடி குடித்து முடித்துவிட்டுப் போனார். வட்டம் அப்போதும் சுற்றியது. போனைத் தூக்கிப் பிடித்து, கை வலித்து, அடுத்த கைக்கு மாற்றினேன். போய்விட்டது என்று வந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது.

வீடியோவைப் பார்த்துச் சொல்ல சில நாள் ஆகும் என்று அந்தப் பெண் சொன்னார். அதுவரைக்கும் சும்மா இருக்கவேண்டாம், பேருக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்டார்.

"ஒண்ணும் எழுதல."

"அதான சார் முக்கியம். ஆளுங்க என்ன அடிச்சுத் தேடுவாங்களோ அது அங்க இருக்கணும்."

"என்ன அடிப்பாங்க?"

"எல்லாரும் மல வியூ, கேம்ப் ஃபயர்னுதான் எழுதுறாங்க. நீங்களும் அதயே எழுதுனா அவங்களுக்கெல்லாம் கீழ கெடப்பீங்க. உங்ககிட்ட மட்டும் என்ன இருக்கு?"

நான் யோசித்தேன். எங்கள் ஜன்னலில் தெரிகிற மலைதான் எல்லார் ஜன்னலிலும் தெரிகிறது. இவள் கட்டிலில் இருந்து சொன்னாள்.

"படி கெடையாது."

"என்னக்கா?"

"எங்க வீட்டுக்குப் படி கெடையாது. இங்க எந்த ரூமுக்குப் போனாலும் ஏறணும், எறங்கணும். வட்டக்கானல்லயெல்லாம் கேக்கவே வேணாம். இங்க வண்டிய விட்டு எறங்குனா வாசல், வாசல விட்டா கட்டில். வயசான ஒரு பாட்டையாவும் அவரு சம்சாரமும் வந்து நாலு நாள் இருந்துட்டு, படியில்லாத வீடு கொடைக்கானல்ல இருக்கான்னுட்டுப் போனாங்க."

"அக்கா, அதத்தான் தேடுவாங்க. எங்கம்மாவுக்குன்னா நானே அதத்தான் தேடுவேன். அத எழுதுங்க."

எழுதினேன். படி இல்லாத வீடு. முழங்கால் வலி உள்ளவர்கள் வரலாம். ஆபரேஷன் முடிந்தவர்கள் வரலாம். விறகடுப்பில் வெந்நீர். அவ்வளவுதான். அதையே இங்கிலீஷ் எழுத்தில் அந்தப் பெண் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, வண்டி நம்பர் எழுதுகிற மாதிரி எழுதினேன்.

வந்துபோனவர்கள் எழுதினதற்கெல்லாம் பதில் போடவேண்டும் என்றும் சொன்னார். போட்டால் மேலே வருமாம். உட்கார்ந்து எல்லாருக்கும் போட்டேன். ரசம் நல்லா இருந்தது என்று எழுதினவருக்கு "சரிங்க." அமைதியான இடம் என்றவருக்கு "ஆமாங்க." கம்பளி வாடை அடித்தது என்று ஒருவர் எழுதியிருந்தார். அவருக்கு "ஆமாங்க. வெயிலில் போட்டாச்சு." அந்தப் பெண் அதைப் பார்த்துவிட்டு, "சார், இன்னும் ரெண்டு வார்த்த கூட எழுதலாம்" என்றார்.

"அவரு பேசுறதே அம்புட்டுத்தாம்மா. கல்யாணத்தன்னைக்கே எங்கிட்ட ரெண்டு வார்த்ததான் பேசுனாரு" என்றாள் இவள்.

"என்னக்கா பேசுனாரு?"

"குளுருதான்னு கேட்டாரு." கொஞ்சம் நிறுத்தி, "ரெண்டு கூட இல்ல, ஒண்ணுதான்" என்றாள்.

இனி கூப்பிடமாட்டேன் என்று அந்தப் பெண் சொன்னார். அவர் லிஸ்டில் ஒவ்வொரு பேருக்கும் முடிவு போடவேண்டுமாம். எங்கள் பேருக்கு நேரே, 'வேண்டாம் என்றார்கள்' என்று போட்டாராம். அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா, படி கிடையாது என்று இவள் சொன்னாள். வருகிறேன் என்றார். அந்த நம்பருக்குத் திருப்பிக் கூப்பிட்டால் போகாது. கூப்பிட்டுப் பார்த்தேன்.

பங்குனி முடிய ஒன்பது நாள் இருந்தது. திண்டுக்கல்காரர் அளவு எடுக்க ஆளோடு வருவதாகச் சொல்லியிருந்தார். மகள் தன் வீட்டுப் பின் ரூமுக்கு வெள்ளை அடித்துவிட்டாள். நான் தினமும் பாலத்துக்குப் போய்ப் பார்ப்பேன். சிவப்பில் அதே வார்த்தை இருக்கும். வீட்டுக்கு வந்தால் இவள் கேட்கமாட்டாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுப்பைப் பார்ப்பாள்.

ஆறாவது நாள் பாலத்துக்குப் போகவில்லை. மழை. மத்தியானம் போன் அடித்தது. வயசான ஆள் குரல்.

"அங்க படி இல்லன்னு போட்டிருக்கே, நெசமாவே இல்லீங்களா?"

"இல்லீங்க."

"ஒண்ணு ரெண்டு கூட இல்லையா? என் வீட்டம்மாவுக்கு இடுப்புல பிளேட் வச்சிருக்கு."

"ஒண்ணு கூட இல்லீங்க."

"நாளைக்கு வரலாமா?"

நான் இவளைப் பார்த்தேன். இவள் கட்டிலில் இருந்து எழுந்து நின்றிருந்தாள்.

"வாங்க" என்றேன்.

திண்டுக்கல்காரருக்கு நானே போன் செய்தேன். வீடு கொடுக்கவில்லை என்றேன். ஏன் என்று கேட்டார். ஆள் வருகிறது என்றேன். ஒரு ஆளுக்காகவா என்றார். இரண்டு பேர் என்றேன். மகளிடம் இவள் பேசினாள். அந்த ரூமில் வெங்காயத்தைப் போட்டு வை, கெட்டுப்போகாது என்றாள்.

மழை விட்டதும் பாலத்துக்குப் போகப் புறப்பட்டேன். இவளும் வருகிறேன் என்றாள். மேடு என்றேன். மெதுவாகப் போவோம் என்றாள். நின்று நின்று போனோம். கைப்பிடிச் சுவரைத் துடைத்து உட்காரவைத்துவிட்டுப் போனைத் திறந்தேன். சிவப்பு இல்லை. பச்சையில் ஒரு வார்த்தை இருந்தது.

"என்னங்க போட்டிருக்கு?"

"தெறந்திருக்குன்னு."

"அம்புட்டுத்தானா? பெர்மனென்ட்டான்னு போடலயா?"

தேடிப் பார்த்தேன். மூடுவதற்குத்தான் அந்த வார்த்தை வைத்திருக்கிறார்கள். திறப்பதற்கு இல்லை.

"அப்பிடி ஒண்ணு இல்ல."

"இல்லாட்டிக் கெடக்கு" என்றாள். "வெரசா நடங்க. மழையில வெறகெல்லாம் நனஞ்சிருக்கும். நாளைக்கு வெந்நி போடணும்."

அவள் கையைப் பிடித்து இறக்கிவிட்டேன். குளுருதா என்று கேட்டேன். இல்லை என்றாள். என் சால்வையைக் கழற்றிக் கொடுத்தேன். வாங்கிப் போர்த்திக்கொண்டாள்.